டிஎச்ஏ உற்பத்தியில் ஆக்சிஜனும் கலக்கலும்: முதன்முறை ஃபெர்மென்டர் ஓட்டுபவர்களுக்கு

குடுவையை ஷேக்கரில் (குலுக்கும் கருவியில்) 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 200 சுற்று) வைத்தேன், நுண்ணுயிரி நன்றாக வளர்ந்தது. அதனால் 5 லிட்டர் ஃபெர்மென்டரிலும் (காற்று விட்டுக் கலக்கி வளர்க்கும் கலன்) அதே 200 ஆர்பிஎம் வைத்தேன். பதினான்காவது மணி நேரத்தில் கரைந்த ஆக்சிஜன் பூஜ்யத்தைத் தொட்டது. அதற்கப்புறம் மூன்று நாள் ஓட்டியும் செல் எடை ஏறவே இல்லை. அடுத்த முறை பயந்துபோய் 800 வைத்தேன். செல் குவிந்தது, ஆனால் ஜிசி (கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃபி) முடிவு வந்தபோது கொழுப்பில் டிஎச்ஏயின் பங்கு சரிந்திருந்தது. இந்த இரண்டு தவறுகளைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

ஸ்கைசோகைட்ரியம், ஆரான்டியோகைட்ரியம் போன்ற கடல் நுண்ணுயிரிகளை வைத்து ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலமான டிஎச்ஏவை எடுக்கப் போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு உயிரியில் வேலை செய்பவர்கள் முதல் படியைக் கட்டாயம் படியுங்கள். அதைத் தவறவிட்டால் மற்ற படிகள் உங்களைத் தப்பான பக்கம் கொண்டுபோய்விடும்.

1. உங்கள் உயிரிக்கு ஆக்சிஜன் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொழுப்பு சேர்க்கும் நுண்ணுயிரிகள் எல்லாமே காற்று தேடுபவைதான். ஆனால் கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பைப் போடுவதற்கு எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் தேவையில்லை.

மார்டியெரெல்லா ஆல்பினா என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அராகிடோனிக் அமிலம் செய்கிறது. ஸ்டியரிக் அமிலத்திலிருந்து தொடங்கி நான்கு இரட்டைப் பிணைப்புகள் போடவேண்டும். ஒவ்வொன்றையும் டிசாச்சுரேஸ் என்ற நொதி போடுகிறது. ஒவ்வொரு தடவையும் அதற்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகிறது. ஆக, ஆக்சிஜன் குறைந்தால் செல்லும் குறையும், நீங்கள் தேடும் அமிலமும் குறையும்.

ஸ்கைசோகைட்ரியம் டிஎச்ஏ செய்யும் வழி வேறு. அதற்கென்று ஒரு பெரிய நொதித் தொகுப்பு இருக்கிறது. சங்கிலியை நீட்டிக்கொண்டே போகும்போது இரட்டைப் பிணைப்புகளையும் சேர்த்தே அமைத்துவிடும். அந்த வேலைக்கு மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டாம். அதனால்தான் கொழுப்பு சேரும் கட்டத்தில் ஆக்சிஜனைக் குறைத்தால், மொத்தக் கொழுப்பு அமிலங்களில் டிஎச்ஏயின் பங்கு கூடுகிறது. அதே செல் பெருகுவதற்கு மட்டும் ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். ஆரம்பத்தில் நிறையக் கொடுத்து, பிறகு குறைக்கும் இரண்டு கட்ட முறை இதிலிருந்துதான் வருகிறது.

மார்டியெரெல்லாவுக்காக எழுதிய முறையை ஸ்கைசோகைட்ரியத்துக்குப் போடாதீர்கள், இதை அதற்கும் போடாதீர்கள். நான் முதல் ஆறு மாதம் படித்த கட்டுரைகளில் பாதி வேறு உயிரியைப் பற்றியவை.

2. கல்ச்சரும் காகிதங்களும்

கல்ச்சர் என்பது வளர்க்கப் போகும் உயிருள்ள நுண்ணுயிரி. இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் என்ற இரண்டு நுண்ணுயிரிச் சேகரிப்புகளின் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். விண்ணப்பப் படிவம், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கோரிக்கைக் கடிதம், கட்டணம் இவ்வளவுதான். வெளிநாட்டுச் சேகரிப்பிலிருந்து வாங்குவது வேறு கதை. டிஎச்ஏ வேலையில் பலரும் பயன்படுத்தும் எஸ்ஆர்21 என்ற இனம் அமெரிக்காவின் ஏடிசிசியில் எம்ஒய்ஏ-1381 என்ற எண்ணில் இருக்கிறது. அதற்குப் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போடவேண்டும். ஒப்பந்தத்தில் வழிகாட்டியின் கையெழுத்து மட்டும் போதாது, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் போடவேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காக நான் ஐந்து வாரம் காத்திருந்தேன். எனவே கல்ச்சர் தேர்ந்தெடுத்த அன்றே கோப்பை நகர்த்துங்கள். இறக்குமதிக்கு என்னென்ன அனுமதி என்பதையும் பணம் கட்டும் முன்பே உங்கள் கொள்முதல் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

நீங்களே பிரித்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், சதுப்புநிலக் காட்டில் உதிர்ந்து ஊறிக் கிடக்கும் இலைகள் நல்ல இடம். பிச்சாவரம் மாதிரி இடங்களில் இலை பொறுக்குவதற்கும் வனத்துறை அனுமதிக் கடிதம் வேண்டும். அந்த இனத்தையோ அதன் ஆய்வு முடிவுகளையோ வெளிநாட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள். மரபணு மாற்றிய இனம் என்றால் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கூடவே ஃபெர்மென்டர் முன்பதிவுப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். பொதுக் கருவிக்கூடத்தில் ஓட்டுபவர்கள் குறைந்தது எட்டு நாள் தொடர்ச்சியாகக் கேளுங்கள். ஓட்டம் ஐந்து நாள்தான். ஆனால் ப்ரோப் (கலனுக்குள் அளக்கும் உணரி) தயார் செய்யவும் கிருமிநீக்கவும் இரண்டு நாள், கழுவ ஒரு நாள் போய்விடும்.

3. குடுவையிலேயே ஆக்சிஜனைக் கவனியுங்கள்

குடுவையில் ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகத்தான் நுழைகிறது. எனவே ஆர்பிஎம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் எவ்வளவு மீடியம் (வளர்ப்புத் திரவம்) ஊற்றினீர்கள் என்பது. 250 மில்லி குடுவையில் 25 மில்லி ஊற்றினால் ஒரு முடிவு, 100 மில்லி ஊற்றினால் முற்றிலும் வேறு முடிவு. பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டு, எல்லாக் குடுவைகளிலும் அதே அளவை ஊற்றுங்கள்.

ஷேக்கரின் சுற்றுவட்ட விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் வட்டத்தில் 200 ஆர்பிஎம்மும், 50 மில்லிமீட்டர் வட்டத்தில் 200 ஆர்பிஎம்மும் ஒன்றல்ல. எங்கள் துறையில் ஒரு ஷேக்கர் பழுதாகி, குடுவைகளை அடுத்த அறை ஷேக்கருக்கு மாற்றினோம். முடிவுகள் ஏன் மாறின என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது.

பஞ்சு அடைப்பான் நனைந்தால் காற்று போகாது. வேகமாகச் சுற்றி மீடியம் தெறித்து அடைப்பான் ஈரமான குடுவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம், மாதிரி எடுக்க ஷேக்கரை நிறுத்தினால் அடர்த்தியான கல்ச்சரில் ஆக்சிஜன் சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும். ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் தனிக் குடுவை வைப்பது செலவுதான், ஆனால் அதுதான் நம்பத்தகுந்த முறை.

இந்தக் கட்டத்தில் செய்யவேண்டிய ஒரு மலிவான சோதனை: ஒரே மீடியம், ஒரே ஆர்பிஎம், குடுவையில் ஊற்றும் அளவை மட்டும் 25, 50, 75, 100 மில்லி என்று மாற்றுங்கள். செல் எடை, கொழுப்பு, டிஎச்ஏ மூன்றையும் அளங்கள். ஆக்சிஜன் குறையும்போது உங்கள் இனம் எப்படி நடந்துகொள்கிறது என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். ஃபெர்மென்டரைத் தொடும் முன் இதை நான் செய்திருக்கவேண்டும்.

மீடியம் பற்றி ஒரு வார்த்தை. கடல்நீர் உப்பிலுள்ள குளோரைடு நாளடைவில் எஃகுப் பாகங்களை அரிக்கும். சோடியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் சல்ஃபேட் போட்டாலும் வளரும் இனங்கள் உண்டு. உங்கள் இனம் ஏற்றுக்கொள்கிறதா என்று இந்தக் குடுவைகளிலேயே பார்த்துவிடுங்கள். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டுடன் சேர்த்துக் காய்ச்சினால் பழுப்பாகும்.

4. டிஓ ப்ரோபை நம்பும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

கரைந்த ஆக்சிஜனை (டிஓ) அளக்கும் கருவி பொய் சொன்னால் மற்ற எல்லாமே வீண்.

பழைய வகை போலரோகிராஃபிக் ப்ரோபை மின்சாரத்தில் இணைத்துக் குறைந்தது ஆறு மணி நேரம் விட்டபின்தான் அளவீட்டுத் திருத்தம் செய்யவேண்டும். ஒளி வகை ப்ரோபுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. திருத்தத்தை ஆட்டோகிளேவுக்குப் பிறகு, மீடியம் ஓட்டும் வெப்பநிலைக்கு வந்தபின், விதைக் கல்ச்சர் (கலனில் ஊற்ற முன்பே வளர்த்து வைத்த கல்ச்சர்) போடும் முன் செய்யுங்கள். நைட்ரஜன் விட்டுப் பூஜ்யம், பிறகு காற்று விட்டு நூறு. எண் அசையாமல் நிற்கும்வரை பொறுமையாக இருங்கள். நான் ஒருமுறை ஏறிக்கொண்டிருந்த எண்ணையே நூறு என்று அமைத்துவிட்டேன். அந்த ஓட்டம் முழுவதும் 130 காட்டியது.

சவ்வு, மின்பகு திரவம் இரண்டும் தேய்மானப் பொருட்கள். ஓட்டம் பதிவு செய்யும்போதே மாற்றுச் சவ்வு இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

திரையில் தெரியும் சதவீதம் கரைந்த ஆக்சிஜனின் எடை அல்ல. 28 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள சுத்தத் தண்ணீரிலேயே லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் அது இன்னும் குறையும். ஆனால் திரை அப்போதும் 100 என்றுதான் காட்டும்.

கையிருப்பு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 7 மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தியான கல்ச்சர் ஒரு லிட்டருக்கு மணிக்கு ஒரு கிராம் ஆக்சிஜன் கேட்டால், அந்த 7 மில்லிகிராம் 25 நொடியில் தீர்ந்துவிடும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் உங்கள் செல்கள் மூச்சுத் திணறுகின்றன என்று அர்த்தம். கட்டுப்பாட்டுப் பெட்டி யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்பதோடு, காற்றழுத்தியும் கலக்கி மோட்டாரும் எதில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். பல இடங்களில் திரை மட்டும்தான் யுபிஎஸ்ஸில் இருக்கும்.

5. கேஎல்ஏவை நீங்களே அளங்கள்

காற்றிலிருந்து திரவத்துக்குள் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண் கேஎல்ஏ. குடுவையிலிருந்து ஃபெர்மென்டருக்கும், 5 லிட்டரிலிருந்து 50 லிட்டருக்கும் கொண்டுபோகவேண்டியது இந்த எண்ணைத்தான். ஆர்பிஎம்மைக் கொண்டுபோகக் கூடாது.

கல்ச்சர் போடாத மீடியத்தில் அளப்பது சுலபம். நைட்ரஜன் விட்டு டிஓவைப் பூஜ்யத்துக்கு அருகில் இறக்குங்கள். பிறகு நைட்ரஜனை நிறுத்திக் காற்றைத் திறந்து, டிஓ 20 இலிருந்து 80 சதவீதம் வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 80ஐ 20ஆல் வகுத்தால் 4. அதன் இயல் மடக்கை 1.386. அதை நொடிகளால் வகுத்து 3600ஆல் பெருக்கினால் மணிக்கான கேஎல்ஏ கிடைக்கும். 50 நொடி ஆனால் கேஎல்ஏ சுமார் 100. வரைபடம் போட்டுச் சாய்விலிருந்து எடுப்பது இதைவிடத் துல்லியம். முதல் தடவைக்கு இந்தக் கணக்கே போதும்.

இதில் ஒரு பொறி உண்டு. ப்ரோபே மெதுவாகப் பதில் சொன்னால் நீங்கள் அளப்பது ப்ரோபின் வேகத்தை. கேஎல்ஏ 100 என்றால் அதன் தலைகீழ் 36 நொடி. ப்ரோபின் பதில் நேரம் அதைவிட நன்றாகக் குறைவாக இருக்கவேண்டும்.

300, 400, 500, 600, 700 ஆர்பிஎம்மில், ஒரு லிட்டர் மீடியத்துக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்ற இரண்டு காற்று அளவிலும் அளந்து அட்டவணை போடுங்கள். ஒரு நாள் வேலை. கேஎல்ஏ 100, கரையும் அளவு 7 மில்லிகிராம் என்றால் அந்தக் கலன் அதிகபட்சம் லிட்டருக்கு மணிக்கு 700 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கொடுக்கும், அதுவும் டிஓ பூஜ்யமாக இருக்கும்போது. உங்கள் கல்ச்சர் ஒரு கிராம் கேட்டால் அந்த அமைப்பில் சமாளிக்க முடியாது என்பது ஓட்டும் முன்பே தெரிந்துவிடும்.

6. ஓட்டும் நாள்

5 லிட்டர் கலனில் மூன்று அல்லது மூன்றரை லிட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைக்கு இடம் வேண்டும். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி. வெளியேறும் காற்றுக்குக் குளிர்ந்த கண்டென்சர் ஓடுகிறதா என்று பாருங்கள். வடிகட்டி நனைந்தால் காற்று அடைபட்டுக் கலனில் அழுத்தம் ஏறும்.

முதல் கட்டத்தில் டிஓவை 40–50 சதவீதத்தில் வைத்திருங்கள். ஆர்பிஎம் தானாக ஏறி இறங்கும்படி அமைத்து, ஆர்பிஎம் உச்சத்தைத் தொட்டபின் காற்று கூடும்படி வையுங்கள். இந்தக் கட்டம் நைட்ரஜன் சத்து தீரும்வரை; அதன்பின் செல் பெருகுவது குறைந்து கொழுப்பு சேரும். என் ஓட்டங்களில் அது 24 முதல் 36 மணி நேரத்துக்குள் வந்தது. உங்களுடையது மீடியத்தைப் பொறுத்தது, எனவே கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். அம்மோனியம் உப்பு போட்டிருந்தால் அதை அளந்துவிடலாம்.

நைட்ரஜன் தீரும்போது செல்லின் ஆக்சிஜன் பசி தணியும். ஆர்பிஎம் மெல்ல இறங்கத் தொடங்கும். குளுக்கோஸ் தீர்ந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் டிஓ சட்டென்று மேலே பாயும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் குளுக்கோஸ் கரைசலை ஊற்றிப் பாருங்கள். டிஓ உடனே விழுந்தால் பசி குளுக்கோஸுக்குத்தான் இருந்திருக்கிறது. நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல், சர்க்கரை தீர்ந்த கல்ச்சரைக் கொழுப்புக் கட்டம் என்று எண்ணி ஓர் இரவு முழுக்கப் பட்டினி போட்டேன். செல் தன் கொழுப்பையே எரித்துத் தின்றது.

இரண்டாம் கட்டத்தில் டிஓவை 10 சதவீதம் அளவுக்கு இறக்குங்கள். ஒரே அடியாக இறக்காமல் இரண்டு மூன்று மணி நேரத்தில் படிப்படியாக. பூஜ்யத்தில் நீண்ட நேரம் கிடக்க விடாதீர்கள். அப்போது டிஎச்ஏ சதவீதம் அழகாகத் தெரியலாம், ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் டிஎச்ஏ குறையும்.

ஓர் உதாரணக் கணக்கு. லிட்டருக்கு 40 கிராம் செல், அதில் 50 சதவீதம் கொழுப்பு, அதில் 40 சதவீதம் டிஎச்ஏ என்றால் லிட்டருக்கு 8 கிராம். இன்னொரு ஓட்டத்தில் 25 கிராம் செல், 40 சதவீதம் கொழுப்பு, 50 சதவீதம் டிஎச்ஏ. பங்கு கூடியிருக்கிறது, கிடைப்பதோ 5 கிராம். எந்த எண்ணுக்காக ஓட்டுகிறீர்கள் என்று வழிகாட்டியிடம் முன்பே பேசி முடிவெடுங்கள்.

7. கலக்கலை ஆக்சிஜனிலிருந்து பிரித்துப் பாருங்கள்

ஆர்பிஎம்மைக் குறைத்தால் ஆக்சிஜன் மட்டும் குறைவதில்லை, கலப்பதும் குறைகிறது. மேலே விழும் அடர்த்தியான குளுக்கோஸ் கரைசலும், பிஎச் திருத்தும் காரமும் ஓரிடத்தில் தேங்கும். ப்ரோப் இருக்கும் இடத்தில் 10 சதவீதம், மூலையில் பூஜ்யம் என்று இருக்கலாம்.

இதைச் சோதிக்க வழி எளிது. கல்ச்சர் போடும் முன், குறைந்த ஆர்பிஎம்மில் ஓடும்போது சில மில்லி அமிலம் விடுங்கள். பிஎச் எண் நிலைகொள்ள எத்தனை நொடி என்று பாருங்கள். நீண்ட நேரம் அலைந்தால் அந்த ஆர்பிஎம்முக்குக் கீழே போகாதீர்கள். டிஓவை இன்னும் இறக்கவேண்டுமென்றால் கலக்கலை அப்படியே வைத்து, உள்ளே போகும் காற்றில் நைட்ரஜன் கலந்து இறக்குங்கள். நைட்ரஜன் சிலிண்டர் செலவு கூடுதல்தான். ஆனால் எது ஆக்சிஜனால் வந்தது, எது கலக்கலால் வந்தது என்று தேர்வாளர் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்கும்.

அதிகம் கலக்குவதற்கும் விலை உண்டு. கொந்தளிப்பான ஓட்டத்தில் வேகத்தை இரட்டித்தால் கலக்கத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஸ்கைசோகைட்ரியம் ஓரளவு தாங்கும். மார்டியெரெல்லாவின் இழைகள் அறுபடும். அதையே மெதுவாகக் கலக்கினால் பெரிய உருண்டைகளாகத் திரண்டு, உருண்டையின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போகாது. டிஎச்ஏ செய்யும் இன்னொரு கடல் நுண்ணுயிரியான கிரிப்தெகோடினியம் கோனியை எடுத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அது கலக்கி உரசலுக்கு எளிதில் நசுங்கும், பிந்தைய நாட்களில் கல்ச்சரையும் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

கலக்கித் தகட்டின் விட்டத்தை அளந்து, நுனி வேகத்தையும் குறியுங்கள். 6 சென்டிமீட்டர் தகடு 500 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறத்தாழ 1.57 மீட்டர். பெரிய கலனுக்குப் போகும்போது இது கைகொடுக்கும்.

8. நுரை

நுரை அடக்கியைச் சொட்டுச் சொட்டாக, நீர்த்து விடுங்கள். அதிகமானால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, கேஎல்ஏ விழும். சில நிமிடம் டிஓ சரிவதைத் திரையிலேயே பார்க்கலாம். தாவர எண்ணெயை நுரை அடக்கியாக ஊற்றவே ஊற்றாதீர்கள். அந்த லினோலிக் அமிலம் முழுக்க உங்கள் ஜிசி வரைபடத்தில் வந்து நிற்கும்.

9. மாதிரி, ஜிசி, செலவு

ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். மையவிலக்கி, கழுவி, உடனே உறையவைத்து, உறைநிலையில் உலர்த்துங்கள். டிஎச்ஏயில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். அறை வெப்பத்தில் திறந்து வைத்தால் காற்றே அதைக் கெடுக்கும். வளரும்போது ஆக்சிஜனுக்காக அவ்வளவு பாடுபட்டுவிட்டு, உலர்ந்த பொடியை மேசையில் விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குப்பியில் நைட்ரஜன் ஊதி மூடி, இருட்டில், மைனஸ் 20 அல்லது அதற்குக் கீழே வையுங்கள்.

ஜிசியில் அளவை ஒப்பிட, தெரிந்த அளவில் மாதிரியில் சேர்க்கும் உள் அளவீட்டுப் பொருளாகப் பதினேழு கார்பன் அமிலத்தைப் போடாதீர்கள். பலர் பழக்கத்தில் போடுகிறார்கள். ஆனால் இந்த உயிரிகள் பதினைந்து, பதினேழு கார்பன் அமிலங்களைத் தாங்களே செய்கின்றன. பத்தொன்பதோ இருபத்து மூன்றோ கார்பன் உள்ளதை வாங்குங்கள்.

வெளி ஆய்வகத்தில் ஒரு ஜிசி மாதிரிக்கு நான் கேட்ட இடங்களில் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை சொன்னார்கள். ஐந்து நாள் ஓட்டத்தில் எல்லா மாதிரிகளையும் அனுப்பினால் பட்ஜெட் கரைந்துவிடும். எனவே எல்லாவற்றிலும் செல் எடை, குளுக்கோஸ் பாருங்கள். கட்டம் மாறும் முன், மாறியபின், முடிவில் என்று ஐந்தாறு மாதிரிகளை மட்டும், இரட்டையாக, ஜிசிக்கு அனுப்புங்கள். மற்றவற்றை உறைபெட்டியில் வையுங்கள், தேவைப்பட்டால் பிறகு அனுப்பலாம்.

நாள் கணக்கு: கல்ச்சரை உயிர்ப்பிக்க மூன்று முதல் ஐந்து நாள், விதைக் கல்ச்சர் இரண்டு தலைமுறைக்கு நான்கு நாள், கலன் தயாரிப்பு இரண்டு நாள், ஓட்டம் ஐந்து நாள், உலர்த்த இரண்டு நாள், ஜிசி வரிசையில் ஒன்று முதல் இரண்டு வாரம். ஓர் ஓட்டத்தின் முடிவு கையில் வர ஒரு மாதம். மூன்று முறை திரும்பச் செய்யவேண்டும் என்பதை மறக்காமல் ஆறு மாத அறிக்கைக்குத் திட்டமிடுங்கள்.

ஓட்டக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரம், டிஓ, ஆர்பிஎம், காற்று அளவு, பிஎச், நுரை அடக்கி எத்தனை மில்லி, குளுக்கோஸ் எத்தனை மில்லி, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது என்பது வரை எழுதுங்கள். கணினிப் பதிவு இருக்கிறதே என்று விடாதீர்கள். மின்தடையில் எங்கள் கணினிப் பதிவு ஒன்பது மணி நேரம் காணாமல் போனது. அந்த ஓட்டத்தை ஆய்வேட்டில் சேர்க்க முடிந்தது, இரவுப் பணியில் இருந்த இளையவர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களால்தான்.